ஏடிவியின் கீழ் ஆர்மைத் திருத்திய பிறகு: பால் ஜாயின்ட் பற்றிய நீண்ட கால அனுபவம்

2007-இல் தொடங்கிய பாஹா எஸ்ஏஇ இந்தியா போட்டிக்காகப் பொறியியல் மாணவர்கள் கட்டும் ஏடிவிகளில் (கரடுமுரடான தரையில் ஓடும் சிறு வண்டிகளில்), சிறிய கார்களின் பால் ஜாயின்ட்களைப் பரவலாகப் பார்க்கலாம். கிண்ணத்துக்குள் சுழலும் ஒரு குமிழும் அதிலிருந்து நீளும் தண்டும் கொண்ட இணைப்பு இது; வண்டியிலிருந்து நீளும் ஆர்ம் என்ற கையைச் சக்கரப் பக்கத்தோடு சேர்ப்பது. விலை குறைவு, எந்த உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும். எங்கள் அணியின் பழைய வண்டியிலும் அதுதான். போட்டி முடிந்த பிறகு அது பயிற்சி வண்டியாக ஓடுகிறது. மேல் ஜாயின்ட்கள் உழைத்தன. கீழ் ஜாயின்ட்கள் மட்டும் ஓயாமல் ஆட்டம் கண்டன. ஒருமுறை குமிழே கிண்ணத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து முன்சக்கரம் மடிந்துவிட்டது.

இதற்குப் பாகத்தைக் குறை சொல்வது நியாயமில்லை. பெரும்பாலான சிறிய கார்களின் முன்பக்கத்தில் இருப்பது மெக்பெர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாய்ச் சேர்ந்த தூண்). அங்கே எடை ஸ்ட்ரட் வழியாகவே நக்கிளுக்கு, அதாவது சக்கரத்தைத் தாங்கும் பாகத்துக்குப் போய்விடுகிறது. கீழ் ஜாயின்ட் திருப்பத்திலும் பிரேக்கிலும் வரும் விசைகளைத் தாங்கினால் போதும். எங்கள் வண்டியில் இரட்டை விஷ்போன், அதாவது மேலும் கீழுமாக இரண்டு ஆர்ம்கள். ஷாக் அப்சார்பர் கீழ் ஆர்மில் அமர்ந்திருக்கிறது. எனவே சக்கரத்தின் பாரம் முழுவதும் கீழ் ஜாயின்ட் வழியாகத்தான் போகிறது. போதாக்குறைக்கு அதன் தண்டு மேல்நோக்கி நக்கிளில் மாட்டப்பட்டிருந்தது. ஒவ்வொரு குழியிலும் நக்கிள் குமிழை மேலே இழுக்கும். கிண்ணத்தின் மடித்த விளிம்புதான் அதைத் தடுத்து நிறுத்தும். தண்டின் கூம்பு வடிவப் பிடிமானமான டேப்பரும் தளரப் பார்க்கும், பாரம் நட்டின் மேல் விழும். பெரிய ஜாயின்ட் வாங்கிப் போட்டால் இது கொஞ்சம் தாமதமாக நடக்கும், அவ்வளவுதான்.

ஆகவே ஆர்மின் நுனியை வெட்டி, ஜாயின்ட்டைத் தலைகீழாக வைத்தோம்: கிண்ணம் மேலே, தண்டு கீழே. இப்போது எடையே குமிழைக் கிண்ணத்துக்குள் அழுத்துகிறது, டேப்பரையும் இறுக்குகிறது. நுனிக்கு லேத்தில் தடித்த வளையம் ஒன்று கடைந்து, உள்ளே மேல்பக்கம் ஒரு படி விட்டோம். ஜாயின்ட் கீழிருந்து ஏறி அந்தப் படியில் முட்டி நிற்கும். பள்ளத்தில் மாட்டும் பூட்டு வளையமான சர்க்கிளிப்பின் வேலை, அது நழுவாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே.

வெல்டிங்கில்தான் பொறுமை வேண்டும். சூட்டில் வளையம் சுருங்கிக் கோணலாகும் என்பதால் துளையைச் சற்றுச் சிறிதாக விட்டு, ஆர்மை ஜிக்கில் (அசையாமல் பிடிக்கும் சட்டத்தில்) பூட்டி டிக் வெல்டிங் செய்து, நன்றாக ஆறிய பிறகே இறுதி அளவுக்குக் கடைந்தோம். தண்ணீர் ஊற்றி ஆறவைக்கக் கூடாது. ஜாயின்ட்டை உள்ளே வைத்தபடியே வெல்டிங் செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். உள்ளிருக்கும் பிளாஸ்டிக் லைனிங் உருகி, கிரீஸ் எரிந்துவிடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வளையத்தையும் சற்றுச் சாய்த்து வைத்தோம். இல்லாவிட்டால் சக்கரம் முழுதும் தொங்கும்போது தண்டு கிண்ணத்தின் விளிம்பில் இடித்து நெம்புகோலாகிவிடும்.

நக்கிளின் பழைய டேப்பர் துளை தலைகீழாகப் பயன்படாது. எங்களுடையது தகட்டில் வெட்டி இணைத்த நக்கிள் என்பதால் கீழ்க் காதை (தண்டு மாட்டும் நீட்சியை) மட்டும் புதிதாகச் செய்தோம். வார்ப்பு நக்கிள் என்றால் நக்கிளையே மாற்ற வேண்டியிருக்கும். அப்போது இந்த வேலை கட்டுப்படியாகுமா என்று யோசித்துத்தான் இறங்க வேண்டும்.

சில பருவங்கள் சேற்றிலும் கல்லிலும் ஓட்டியாகிவிட்டது. அதே விலை மலிவான ஜாயின்ட்கள்தான். ஒன்றுகூடக் கழன்று வரவில்லை. ஜாயின்ட்டுக்கு முன்பே அதை மூடியிருக்கும் ரப்பர் பூட் (உறை) கிழிகிறது. கிழிந்ததை அன்றே மாற்றினால் போதும். விட்டால் மணல் புகுந்து அரைத்துவிடும். ஒரு எச்சரிக்கையும் உண்டு. எடை குமிழை எப்போதும் அழுத்தியே வைத்திருப்பதால், தேய்மானம் இருந்தாலும் ஓட்டும்போது சத்தம் வராது. சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, டயருக்கு அடியில் கடப்பாரை கொடுத்து நெம்பிப் பார்த்தால்தான் ஆட்டம் தெரியும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் இதைச் செய்கிறோம், நட்டு கழலாமல் தடுக்கும் ஸ்பிலிட் பின்னையும் பார்க்கிறோம்.

பால் ஜாயின்ட்டே வேண்டாம் என்று ராட் எண்ட் (முனையில் குமிழ் உருளும் வளையம் கொண்ட மரைத்தண்டு) போட நினைப்பவர்களுக்கு: அது நீளவாக்கில் இழுக்கவும் தள்ளவும் செய்யப்பட்ட பாகம். கீழ் ஆர்மின் வெளிநுனியில் போட்டால் சக்கரத்தின் பாரம் அதை வளைக்கும். மரை தொடங்கும் இடத்தில் ஒடியும்.

எங்கள் அமைப்பில் இன்னும் தீராத தொல்லை இடநெருக்கடி. பத்து அங்குல ரிம்முக்குள் கீழ் நட்டுக்கு விரல் நுழையும் இடம்தான் இருக்கிறது, அதில் கல் சிக்கி ரிம்மைக் கீறுகிறது. அடுத்த ஆர்மில் வளையத்தைச் சற்று மேலே ஏற்றி, உயரம் குறைந்த நட்டு போட்டுப் பார்க்கப் போகிறோம்.