தென்னை நார் வலை விரிப்பு: 400, 700, 900 – எந்தச் சரிவுக்கு எது?

பண்ணைக்குட்டையின் கரை, ஏரி வாய்க்காலின் ஓரம், மனைக்காக வெட்டிய மேட்டுச் சரிவு என மண் வெறுமையாகக் கிடக்கும் இடத்தில் முதல் பெருமழை எடுத்துப்போவது மேல்மண்ணைத்தான். அந்த மண் தனியாகப் போவதும் இல்லை. களித்துகளோடு மணிச்சத்து (பாஸ்பரஸ்) ஒட்டிக்கொண்டு போய்க் கீழே உள்ள குளத்தில் சேர்கிறது. நீர் கலங்குகிறது, பாசி படர்கிறது, ஆகாயத்தாமரை கொழிக்கிறது. குளத்தைத் தூர்வாரச் செலவழிப்பதற்கு முன் கரையை மூட வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

கரையை மூட இன்று சந்தையில் கிடைப்பவற்றில் நம் ஊரிலேயே உருவாகும் நல்ல பொருள் தென்னை நார் வலை விரிப்பு. கடையில் ‘காயர் மேட்’ என்று கேட்டால் வாசல் மிதியடியை எடுத்துக் காட்டுவார்கள். ‘காயர் ஜியோ டெக்ஸ்டைல்’ அல்லது ‘பூவஸ்திரா’ என்று கேளுங்கள். இரண்டு புரிக் கயிற்றை ஊடும் பாவுமாக நெய்த திறந்த வலை இது. பெரும்பாலும் 50 மீட்டர் நீளச் சுருளாக வரும். அகலம் 1 மீட்டரிலிருந்து 4 மீட்டர் வரை உண்டு. ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் என்பதை வைத்துத்தான் தரம்: 400, 700, 900. இந்தியத் தரநிர்ணயம் ஐ.எஸ். 15869 இதற்கானது. சரிவில் பயன்படுத்தும் முறைக்கு ஐ.எஸ். 15872 தனியாக இருக்கிறது. 2020-இல் பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில் ஏழு மாநிலங்களில் 1,674 கிலோமீட்டர் சாலைக்கு இந்த விரிப்பை ஏற்றுக்கொண்டார்கள். தமிழ்நாட்டின் பங்கு 369 கிலோமீட்டர். அங்கே அது சாலைக்கு அடியில் போகிறது. நாம் பேசுவது மண்ணுக்கு மேல் விரிப்பதைப் பற்றி.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். இந்த வலை கரையைக் காப்பாற்றாது. கரையைக் காப்பாற்றுவது புல்லின் வேர். வேர் இறங்கும் வரை மழைத்துளி நேராக மண்ணில் அறையாமலும், ஓடும் நீர் வேகம் பிடிக்காமலும் பார்த்துக்கொள்வதே வலையின் வேலை. புல் போடாமல் வலையை மட்டும் விரித்தவர்கள் மூன்றாம் ஆண்டு மக்கிய நாரையும் பழைய அரிப்பையும்தான் பார்ப்பார்கள்.

அந்த வேலையை இது நன்றாகச் செய்கிறது. தென்னை நாரில், எளிதில் மக்காத மரப்பொருளான லிக்னின் 40 முதல் 45 சதவீதம் வரை இருக்கிறது. சணலில் அது 12 சதவீதத்தை ஒட்டித்தான். அதனால் சணல் வலை பொதுவாக ஓராண்டுக்குள் வலுவிழக்கும்போது, நார் வலை வெயிலிலும் ஈரத்திலும் இரண்டு மூன்று ஆண்டு தாங்குகிறது. வெட்டிவேர் போன்ற மெதுவாகப் புதர் கட்டும் புல்லுக்கு இந்தக் கால அளவு மிகவும் பொருந்தும். சணலுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. நனைந்ததும் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். விதை அதில் விரைவாக முளைக்கும். சாய்வு குறைவு, விதைப்பது அருகம்புல்லோ கொழுக்கட்டைப்புல்லோதான் என்றால் சணலே போதும். நார் வலைக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை.

மூன்று எடைகளில் எங்கள் தேர்வு 700. வலையின் கண், அதாவது கயிறுகளுக்கு நடுவே உள்ள துளை, 7, 8 மில்லிமீட்டர் அளவில் இருப்பதால் மழைத்துளியைத் தடுக்கும், முளையையும் வெளியே விடும். 2 மீட்டர் கிடைக்கு 1 மீட்டர் உயரம் என்ற சாய்வு வரை 400 போதும். அதன் கண் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் அகலம், அதனால் செங்குத்தாகப் போகப்போகக் கண்களுக்கு நடுவே மண் இறங்கிவிடும். ஒன்றரைக்கு ஒன்று என்ற சரிவில் 700 போடுங்கள். 900-ஐ நீர் பாய்ந்து ஓடும் வாய்க்கால் அடிக்கும், வழிந்தோடும் வாய்க்கும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். சாதாரணச் சரிவில் 900 போட்டால் 4, 5 மில்லிமீட்டர் கண்ணுக்குள் வெட்டிவேர்த் தூரை நுழைக்க ஒவ்வொரு இடத்திலும் கயிற்றை வெட்ட வேண்டிவரும், வலை பலவீனப்படும். ஒன்றுக்கு ஒன்றைவிடச் செங்குத்தான வெட்டுக்கு எந்த எடையும் உதவாது. நீலகிரியில் நடப்பது போன்ற ஆழமான மண் சரிவை நார் வலை தாங்கும் என்று விற்பவர் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அங்கே தேவை தாங்குசுவரும் வடிகாலும்.

வாங்கும்போது எடை போட்டுப் பாருங்கள். 2 மீட்டர் அகலம், 50 மீட்டர் நீளம் என்றால் 100 சதுர மீட்டர். 400 என்றால் சுருள் 40 கிலோ, 700 என்றால் 70, 900 என்றால் 90. கிடங்கில் ஈரம் குடித்த சுருள் எடையில் சரியாகக் காட்டும், காய்ந்ததும் குறையும். எனவே ஒரு சதுர மீட்டர் துண்டு கேட்டு வாங்கி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து எடை போடுவதே நம்பகமான வழி. கயிற்றை இரு கையாலும் எதிர்ப்பக்கம் திருகிப் பாருங்கள். எளிதில் புரி பிரிந்தால் முறுக்குப் போதவில்லை, ஒரே மழைக்காலத்தில் நூலாகிவிடும். அடுத்தது உப்பு. உவர்நீர்க் காயலில் மட்டையை ஊறவைத்து எடுத்த நாரைச் சரியாக அலசாவிட்டால் உப்பு தங்கும், முளை கருகும். ஒரு கைப்பிடி நாரை அரை லிட்டர் குடிநீரில் ஓர் இரவு ஊறவைத்து, குடிநீரில் கரைந்த உப்பைச் சோதிக்கும் டி.டி.எஸ். பேனாவால் முன்னும் பின்னும் அளந்தால் போதும். எண் பல மடங்கு ஏறினால் அந்தச் சரக்கு வேண்டாம். ஊறவைக்காமல் இயந்திரத்தில் அடித்தெடுக்கும் பழுப்பு நாரில் இந்தத் தொல்லை குறைவு.

நெய்யாத வகை ஒன்றும் விற்கிறார்கள். நாரைப் பஞ்சுபோல் பரப்பி, மேலும் கீழும் மெல்லிய பிளாஸ்டிக் வலை வைத்துத் தைத்தது. பார்க்க அடர்த்தியாக இருக்கும், விலையும் கவரும். நார் மக்கிய பிறகும் அந்த பிளாஸ்டிக் வலை மண்ணில் கிடக்கும், துண்டு துண்டாகக் குளத்துக்குப் போகும். பாம்பும் ஓணானும் அதில் சிக்கிச் சாகும். நீரைக் காக்க வாங்கும் பொருள் இப்படியா இருக்க வேண்டும்? தைத்த நூலும் நார்க்கயிறோ பருத்தியோ ஆக இருந்தாலொழிய இதைத் தொடாதீர்கள்.

அளவு போடுவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 20 மீட்டர் நீளக் கரை, சரிவின் நீளம் 5 மீட்டர், ஆக 100 சதுர மீட்டர். சுருளும் 100 சதுர மீட்டர், எனவே ஒன்று போதும் என்று கணக்குப் போடுகிறார்கள். சுருளிலிருந்து வெட்டி மேலிருந்து கீழாக விரிக்கும் பட்டைகளைப் பக்கவாட்டில் 15 சென்டிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று ஏற்ற வேண்டும். அப்போது 2 மீட்டர் பட்டை 1.85 மீட்டரைத்தான் மூடும். 20 மீட்டருக்கு 11 பட்டை. மேலும் கீழும் பள்ளத்தில் புதைக்க ஒரு மீட்டர் சேர்த்தால் ஒவ்வொன்றும் 6 மீட்டர். மொத்தம் 66 மீட்டர் வேண்டும். ஒரே சுருளை வாங்கியவர் மேற்பொருத்தைக் குறைப்பார், பள்ளத்தை விட்டுவிடுவார். அந்த இரண்டு இடத்திலிருந்துதான் அரிப்பும் தொடங்கும்.

விரிப்பதற்கு முன் சரிவை வாரிச் சமப்படுத்துங்கள். கல், வேர்முண்டு, மண்கட்டி எதுவும் துருத்தக் கூடாது. வலை எங்கே மண்ணைத் தொடாமல் கூடாரம்போல் நிற்கிறதோ அங்கே நீர் அடியில் புகுந்து தாரையாக ஓடும். மேலே வலை அப்படியே இருக்கும், கீழே மண் போயிருக்கும். இந்த விரிப்பு தோற்கும் இடங்களில் பெரும்பான்மைக்குக் காரணம் இதுதான். மட்கிய தொழுவுரத்தை மேலே தூவிவிடாமல் மண்ணோடு கொத்திக் கலக்குங்கள். நீர்நிலைக்கு மேலே உள்ள சரிவில் யூரியாவும் டி.ஏ.பி.யும் வேண்டவே வேண்டாம்.

விதையை வலைக்கு அடியில் தூவ வேண்டும். கொழுக்கட்டைப்புல்லோடு முயல்மசால் என்ற பயறுவகைத் தீவனப்பயிரைச் சேர்த்தால் மண்ணுக்குத் தழைச்சத்தும் கிடைக்கும். முயல்மசால் விதைத்தோல் கடினமானது. 80 டிகிரி வெந்நீரில் நான்கு நிமிடம் போட்டு எடுத்து, இரவு முழுக்கக் குளிர்ந்த நீரில் ஊறவைத்துத் தூவுங்கள். வயலுக்கு எக்டேருக்கு 10 கிலோ, அதாவது 100 சதுர மீட்டருக்கு 100 கிராம். சரிவில் இரண்டு மடங்கு தூவலாம்.

மேல் விளிம்பிலிருந்து சற்றுத் தள்ளி 30 சென்டிமீட்டர் அகலமும் ஆழமும் உள்ள பள்ளம் வெட்டி, வலையின் நுனியை அதில் இறக்கி, 30 சென்டிமீட்டருக்கு ஓர் ஆணி அடித்து, மண் போட்டு மிதித்து இறுக்க வேண்டும். பிறகு சுருளை மேலிருந்து கீழாக உருட்டுங்கள். குறுக்காக உருட்டினால் ஒவ்வொரு பொருத்தும் நீரை உள்ளே வாங்கும் வாயாகிவிடும். இறுக்கி இழுக்கவும் கூடாது. இழுத்த வலை குழிகளின் மேல் பாலமாக நிற்கும். ஆணி 6 மில்லிமீட்டர் கம்பியை ‘ப’ வடிவில் வளைத்தது, கால் 25 சென்டிமீட்டர், தலை 5 சென்டிமீட்டர். சதுர மீட்டருக்கு இரண்டு, செங்குத்தான இடத்தில் மூன்று நான்கு. நிரப்பு மண் தளர்வாக இருந்தால் கால் 45 சென்டிமீட்டராவது வேண்டும். நமது உதாரணக் கரைக்கு 400 ஆணி என்று வைத்தால் 55 சென்டிமீட்டர் வீதம் 220 மீட்டர் கம்பி, எடை 49 கிலோ அளவில் வரும். வலையின் விலையை மட்டும் கேட்டுவிட்டு வருபவர்கள் இந்தச் செலவை மறந்துவிடுகிறார்கள். மூங்கில் ஆணி மலிவு, ஆனால் செம்மண்ணில் கரையான் அதைச் சீக்கிரம் முடித்துவிடும்.

வெட்டிவேரை இலை 20, வேர் 10 சென்டிமீட்டர் இருக்க நறுக்கி, சரிவின் குறுக்கே ஒரே உயரத்தில் செல்லும் சமமட்டக் கோட்டில் 15 சென்டிமீட்டர் இடைவெளியில் நடுங்கள். சரிவில் ஒரு மீட்டருக்கு ஒரு வரிசை என்றால் ஐந்து வரிசை, ஏறத்தாழ 670 தூர். வரிசைக்குள் இடைவெளி விட்டால் நீர் அந்த வாய் வழியாகத் திரண்டு இறங்கும், நடாமல் இருந்ததைவிட மோசமாக அரிக்கும்.

மேலே உள்ள நிலத்தின் நீர் சரிவுக்குள் பாயாதபடி தலைப்பில் சிறு வரப்போ வாய்க்காலோ கட்டாயம். வாய்க்கால் அடியில் 900 விரித்தால் சுமார் 10 மீட்டருக்கு ஒரு குறுக்குப் பள்ளத்தில் வலையை இறக்கிப் புதைக்க வேண்டும். குளத்தில் அலை அடிக்கும் மட்டத்தில் வலை நிற்காது. அங்கே 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள நார் உருளையைப் பாதி நீரில் அமிழ வைத்து, இருபுறமும் சவுக்குக் கழி அடித்துக் கட்டுவது சரி.

வடகிழக்குப் பருவமழையை நம்பும் மாவட்டங்களில் ஆகஸ்டு கடைசியிலிருந்து செப்டம்பர் நடுவரை விரித்து, நட்டு, மூன்று வாரம் தண்ணீர் தெளித்துவிட வேண்டும். அக்டோபரில் மழையைப் பார்த்துவிட்டு வாங்கப் போவது காலம் கடந்த வேலை. முதல் சில மழைக்கு நாரின் சாயம் இறங்கி நீர் பழுப்பாக வரும். பெரிய குளத்துக்கு அது பொருட்டில்லை. சிறிய மீன் தொட்டிக்கு மேலே விரிப்பதானால் வலையை முன்பே நனைத்து அலசிவிடுங்கள். ஆடு ஏறினால் முளையும் போகும், வலையும் கிழியும். முதல் ஆறு மாதம் முள்வேலி போடாமல் இதை வாங்கவே வேண்டாம். கோடையில் காய்ந்த நார் எளிதில் தீப்பிடிக்கும், எனவே குப்பை எரிக்கும் இடத்துக்குப் பக்கத்திலும் கூடாது.

முதல் பெருமழை விட்ட மறுநாளே சரிவை நடந்து பார்த்து, ஊதி நிற்கும் இடத்தில் வலையைக் கீறி, அடியில் மண் நிரப்பி, மேலே ஒரு துண்டை வைத்து ஆணி அடித்தால் பத்து நிமிட வேலை. இரண்டு மழை விட்டுவிட்டால் அதே இடத்தில் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்திருக்கும்.