பாம்பனா தனுஷ்கோடியா, ஒரு நாள்தான் இருக்குன்னா எங்க போலாம்?

ராமேஸ்வரத்துல கோயில் வேலை முடிஞ்சு ஒரு நாள் மிச்சம் இருக்கு, கடல்கரை மீனவர் ஊர் ஒண்ணு பாக்கணும்னு கேட்டா எல்லாரும் கண்ண மூடிட்டு தனுஷ்கோடின்னு சொல்லிடுவாங்க. நானும் அதத்தான் சொல்லிட்டு இருந்தேன், அத்தைய கூட்டிட்டு போற வரைக்கும்.

தீவோட மேற்கு ஓரம் பாம்பன், கிழக்கு நுனி தனுஷ்கோடி. நடுவுல ராமேஸ்வரம்.

தனுஷ்கோடியில பாக்கறதுக்கு இல்லாம இல்ல. 1964 டிசம்பர் புயல்ல பாம்பன்ல இருந்து வந்த பாசஞ்சர் ரயிலே ஆளுங்களோட கடல்ல போச்சு, அந்த இடிஞ்ச சர்ச் செவுத்து கிட்ட நிக்கும்போது ஒரு மாதிரிதான் இருக்கும். மனுஷன் வாழ லாயக்கில்லன்னு கவர்மென்ட் சொன்ன இடத்துல இன்னிக்கும் மீனவக் குடும்பங்க குடிசை போட்டு இருக்காங்க. குடிக்க தண்ணி? மணல்ல கொஞ்சம் தோண்டினா நல்ல தண்ணி ஊறுது, ரெண்டு பக்கமும் உப்புக்கடல் இருக்கும்போதே. மழைத்தண்ணி மணலுக்குள்ள இறங்கி உப்புத்தண்ணிக்கு மேலாப்புல நிக்கிறதால அப்படி, பேராசைப்பட்டு ஆழமா தோண்டினா கரிக்க ஆரம்பிச்சுடும். 2017ல தீவோட கடைசி நுனியான அரிச்சல்முனை வரைக்கும் ரோடு போட்டதுக்கு அப்புறம் வேன்ல மணல்ல குலுங்கிட்டு போற கதையெல்லாம் முடிஞ்சுது, ஆனா கூட்டமும் வந்துருச்சு, வந்தோமா செல்ஃபி எடுத்தோமா கிளம்பினோமான்னு.

நிழல் கிடையாது, அதான் பெரிய பிரச்சனை. நாங்க மதியம் பன்னெண்டரைக்கு போய் இறங்கினோம், அத்தை செருப்ப கார்லயே விட்டுட்டு மணல்ல நாலு அடி வச்சாங்க, அவ்வளவுதான், திரும்பி ஓடி வந்து கார்ல உக்காந்தவங்கதான். போறதுன்னா விடியக்காலைல போங்க, கரைவலை இழுக்கறதும் பாக்க கிடைச்சாலும் கிடைக்கும். சாயங்காலம் இருட்டற வரைக்கும் இருக்கலாம்னு நினைக்காதீங்க, விட மாட்டாங்க.

பாம்பன எல்லாரும் பாலத்து மேல இருந்தே பாத்துட்டு போயிடறாங்க. 1914ல தொறந்த பழைய ரயில் பாலம், 2025ல தொறந்த புதுசு, கப்பல் போறதுக்காக பழசுல நடுப்பகுதி ரெண்டா பிரிஞ்சு மேல தூக்கிட்டு இருந்துச்சு (2022லயே அதுல ரயில் நிறுத்தியாச்சு), புதுசுல லிஃப்ட் மாதிரி நேரா ஏறும். சரி, அதையும் பாருங்க, ஆனா கீழ ஊருக்குள்ள இறங்குங்க. அங்கதான் கிழிஞ்ச வலைய பொத்தறது, கருவாடு காயறது, ஐஸ் உடைக்கறது, மீன் ஏலம்னு நம்மள கண்டுக்காம ஒரு ஊர் அது பாட்டுக்கு ஓடிட்டு இருக்கும். வடக்க பாக் விரிகுடா, தெக்க மன்னார் வளைகுடா. தென்மேற்குல இருந்து வர்ற கச்சான் காத்து அடிக்கும்போது தெக்குக் கடல் கொந்தளிக்கும், வடக்க குளம் மாதிரி கிடக்கும், வாடைக் காத்துல அப்படியே தலைகீழ். பெண்கள் கடல்ல முங்கி பாசி எடுப்பாங்க. வளக்கற பாசில ஒண்ணுக்கு 'பெப்சி பாசி'ன்னே பேரு, அந்த கம்பெனி கொண்டு வந்ததால! பக்கத்துல குந்துகால், 1897ல விவேகானந்தர் இலங்கைல இருந்து வந்து இறங்கின இடம், நினைவு மண்டபம் இருக்கு.

பாம்பன்ல குறைன்னா நாத்தம். மூக்கு சுளிக்கிற ஆளுன்னா வேணாம், தனுஷ்கோடிக்கே போங்க, காத்து சுத்தமா இருக்கும். குளிக்கறதுக்கு ரெண்டுமே ஆகாது, அரிச்சல்முனைல இழுப்பு ஜாஸ்தி.

ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், விசைப்படகு எதுவும் போகாது, நாட்டுப்படகு மீன் மட்டும்தான், பாம்பன் பாதி வெறிச்சோடி கிடக்கும். அந்த ரெண்டு மாசம்னா என் ஓட்டு தனுஷ்கோடிக்கு, விடியக்காலை மட்டும். மத்த நாள்ல பாம்பன்தான். அத்தைக்கு அன்னிக்கு சாயங்காலம் அங்க ஒரு கூறு நகரை மீனுக்கு அரை மணி நேரம் பேரம், கடைசில மீன் விக்கிற அம்மா சொன்ன விலைக்கே வாங்கிட்டு, குழம்புக்கு புளி எவ்வளவுன்னு வேற அவங்க கிட்டயே கேட்டுட்டு வந்தாங்க.