சுங்கை சிப்புட் ரத்தப் பரிசோதனைக் கூடம்: பி.எஸ்.ஏ. பார்க்கப் போகிறவர்களுக்கு

புராஸ்டேட் புற்றுநோய்க்காகச் சுரப்பியை முழுவதுமாக அகற்றிக்கொண்ட என் பெரியப்பாவை, பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தின் ரத்த அளவு) சோதனைக்காக மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் கடைவீதியில் உள்ள தனியார் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குத்தான் அழைத்துச் செல்கிறோம். ஈப்போவுக்கு அலைய வேண்டியதில்லை என்பது தோட்டப்புறத்து முதியவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

ரத்தம் எடுப்பதில் குறை சொல்ல இடமில்லை. பால்மரம் சீவிக் காய்த்துப்போன கையில் ரத்த நாளத்தைத் தேடி, ஒரே குத்தில் எடுத்துவிடுகிறார் அங்குள்ள தாதி. குழாயில் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் ஒட்டிய பிறகு, பெரியப்பாவிடமே வாசித்துக் காட்டிச் சரிபார்க்கிறார். அறிக்கையில் முந்தைய முடிவுகளும் சோதனை முறையின் பெயரும் ஒரே தாளில் அச்சாகின்றன. இது சிறிய வசதியன்று. ஒரே ரத்தத்துக்கு வெவ்வேறு முறைகள் வெவ்வேறு எண்ணைத் தரக்கூடும் என்பதாலும், பி.எஸ்.ஏ. ஏறத் தொடங்கினால் எத்தனை மாதங்களில் இரட்டிப்பாகிறது என்பதே நோயின் வேகத்தை உணர்த்தும் என்பதாலும், மருத்துவருக்கு வேண்டியது இந்த வரிசைதான்.

குறை அதே தாளில்தான் இருக்கிறது. எல்லோருக்கும் பொதுவாக ‘0 முதல் 4 வரை இயல்பு’ என்று அச்சிட்டுவிடுகிறார்கள். பி.எஸ்.ஏ.வைச் சுரப்பதே புராஸ்டேட்தான். சுரப்பியையே எடுத்துவிட்டவருக்கு அது கண்டறிய இயலாத அளவுக்கு இறங்கிவிட வேண்டும். அறுவைக்குப் பின் ஒரு மில்லிலிட்டருக்கு 0.2 நானோகிராமை எட்டி, மறுசோதனையிலும் அப்படியே இருந்தால், நோய் திரும்புவதன் அறிகுறியாக மருத்துவர்கள் கொள்வார்கள். ஆகவே 0.5 வந்த ஒருவர் அந்தத் தாளைப் பார்த்து நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடக்கூடும். கதிர்வீச்சு பெற்றவர்களுக்குக் கணக்கே வேறு: இறங்கிய மிகக் குறைந்த அளவிலிருந்து 2 நானோகிராம் கூடினால்தான் அப்படிக் கருதுவார்கள். ‘அறுவை செய்தவர்களுக்கு இந்த வரம்பு பொருந்தாது’ என்று ஒரு வரி சேர்க்க எவ்வளவு மை செலவாகிவிடும்?

முகப்பில் இருக்கும் பெண் பணிவானவர்தான், ஆனால் ‘முழுப் புற்றுநோய்ப் பரிசோதனை’ என்ற தொகுப்பை விற்பதில் குறியாக இருக்கிறார். அதில் வரும் சி.இ.ஏ. சோதனை பெரும்பாலும் குடல் புற்றுநோய்க்கும் ஏ.எஃப்.பி. சோதனை கல்லீரல் புற்றுநோய்க்கும் பார்க்கப்படுபவை, பெரியப்பாவுக்கு இரண்டாலும் பயனில்லை. கட்டற்ற பி.எஸ்.ஏ. விகிதமும் (ரத்தத்தில் வேறு புரதங்களோடு ஒட்டாமல் இருக்கும் பி.எஸ்.ஏ.வின் பங்கு) அப்படியே: சுரப்பி இருப்பவருக்கு, அளவு 4 முதல் 10 வரை இருக்கும்போது, திசுச் சோதனை வேண்டுமா என்று முடிவெடுக்க அது உதவும். அந்தத் தொகுப்புக்காகவே வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள். பி.எஸ்.ஏ.வுக்குப் பட்டினி தேவையே இல்லை. பக்கத்துக் கடைத் தோசையின் வாசனையில் பெரியப்பா முனகிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

இவ்வளவுக்குப் பிறகும் இந்தக் கூடத்துக்கே போகலாம் என்பேன். மருத்துவர் எழுதிக்கொடுத்த சோதனையை மட்டும் கேளுங்கள்; அறுவை செய்துகொண்டவரானால் அதையும், சுரப்பி இருப்பவர் புராஸ்டேட் வீக்கத்துக்கு ஃபினாஸ்டரைட் மாத்திரை சாப்பிட்டால் அதையும் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள், ஏனெனில் அந்த மாத்திரை பி.எஸ்.ஏ.வை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துக் காட்டும். சனிக்கிழமை காலையில் கூட்டம் அதிகம், வார நாளில் போவது நல்லது.