மெல்பர்னில் ஐபேட், சென்னையில் லேமினேட் அட்டை

எங்கள் பையனுக்கு ஐந்து வயது. நாம் சொல்வதெல்லாம் புரியும். வாயில் வருவது நாலைந்து சொற்கள்தான். மற்றதை ஐபேடில் படம் தொட்டுச் சொல்வான். இப்படிப் படமோ கருவியோ வைத்துப் பேசுவதை ஏஏசி என்பார்கள். மெல்பர்னில் இதற்கு ஆஸ்திரேலிய அரசின் மாற்றுத்திறனாளி உதவித் திட்டமான என்டிஐஎஸ் பணம் தருகிறது, ஆனால் ஸ்பீச் தெரபிஸ்டுக்கு மணிக்கு 194 டாலர் வரை போகும், அதுவும் மாதக்கணக்கில் காத்திருந்த பிறகு. சென்னையில் மாமனார் வீட்டில் இருந்தபோது பயிற்சி விட்டுப்போகக் கூடாதே என்று விசாரித்தேன். போன் செய்த வாரமே நேரம் கிடைத்தது. 45 நிமிடத்துக்கு 800 ரூபாய்.

முதலில் போன இடத்தில், "ஐபேடை வாங்கி உள்ள வைங்க மேடம், அது இருந்தா பேசவே மாட்டான்" என்றார்கள். இந்தப் பயம் மெல்பர்னிலும் நம் ஆட்களிடம் உண்டு. மில்லர், லைட், ஷ்லாசர் என்ற மூவர் 2006இல் முந்தைய ஆய்வுகளை அலசினார்கள். நம்பத்தகுந்த சான்று இருந்த 27 பேரில், ஏஏசியால் பேச்சு குறைந்தவர் ஒருவர்கூட இல்லை. பெரும்பாலோருக்குக் கொஞ்சமாவது கூடியிருந்தது. இத்தனைக்கும் ஆவாஸ் என்ற படச் செயலி பிறந்ததே சென்னையில். அஜித் நாராயணன் என்பவர், மாற்றுத்திறனாளிகளுக்கான வித்யாசாகர் அமைப்பின் பிள்ளைகளோடு பழகி உருவாக்கியது. 2011இல் அமெரிக்காவின் எம்ஐடி வெளியிடும் இதழின் இளம் கண்டுபிடிப்பாளர் பட்டியலில் இடம்பிடித்தார். ஆவாஸ் தமிழிலும் பேசும்.

இரண்டாவதாகப் பார்த்த தெரபிஸ்ட் சின்னப் பெண். ஐபேடைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "இங்க யார்கூட அதிகம் பேசணும் அவன்?" என்று கேட்டார். தாத்தா பாட்டியோடு. எங்கள் ஐபேடோ ஆஸ்திரேலிய உச்சரிப்பில் ஆங்கிலம் மட்டும் பேசும். அது பேசி முடிப்பதற்குள் மாமியார் எங்களைத் திரும்பிப் பார்ப்பார். அன்றைக்கே அந்தத் தெரபிஸ்ட், தொட்டுக் காட்டிப் பேசத் தமிழில் ஒரு பட அட்டை போட்டுத் தந்தார். ஆங்கில அட்டையை அப்படியே மாற்றவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. ஆங்கிலத்தில் வினை நடுவில் வரும், நமக்குக் கடைசியில். அதனால் ஆட்கள் இடப்பக்கம், பொருட்கள் நடுவில், 'வேணும், வேணாம், குடு, வா, போதும்' எல்லாம் வலது ஓரம். ஆட்களுக்கு மஞ்சள், வினைகளுக்குப் பச்சை என்று ஐபேடில் பழகிய நிறங்களை மட்டும் மாற்றவில்லை. தெருமுனை ஜெராக்ஸ் கடையில் ஏ3 அளவில் லேமினேட் செய்ய 60 ரூபாய்.

வீட்டில்தான் பாடு. வருகிற உறவினர் ஒவ்வொருவரும் "எங்க, தண்ணி தொடு பார்ப்போம்" என்று பரீட்சை வைத்தார்கள். அவன் அட்டையைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விடுவான். "அவனக் கேக்காதீங்க, நீங்க பேசும்போது நீங்களே தொட்டுக் காட்டுங்க" என்று தெரபிஸ்ட் சொன்னதை மாமியார்தான் பிடித்துக்கொண்டார். தோசை வார்த்துக்கொண்டே, மாவு ஒட்டிய விரலால் 'பாட்டி', 'தோசை', 'குடு' என்று தொடுவார். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, இரண்டு தோசை தின்றவன் 'போதும்' தொட்டான். அவர் வழக்கம்போல இன்னொன்றைப் போட்டார்.

"அம்மா, போதும்னு சொல்லிட்டான்ல?" என்றார் என் கணவர். மாமியார் தோசையை எடுத்துக்கொண்டார்.

"நாப்பது வருஷமா நானும் வாயாலயே சொல்றேன், யார் கேட்டா?" என்றார் மாமனார்.

ஊரோடு வந்து தங்கப்போகிறவர்களுக்கு: முட்டுக்காட்டில், கிழக்குக் கடற்கரைச் சாலையில், பல்வகைக் குறைபாடு உடையோருக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் 2005 முதல் இருக்கிறது. மாவட்டங்களில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு இது தெரிவதே இல்லை: குழந்தைக்குப் பேச்சு வரத் தாமதமானால் அரசின் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்தில் காட்டலாம், காசு கிடையாது. அத்தை மகள் "தானா பேசும், இவன் அப்பாவும் லேட்டுதான்" என்று மூன்று வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். போகச் சொல்லியிருக்கிறேன்.

டிசம்பர், ஜனவரியில் வருகிறவர்கள் கிளம்பும் முன்பே வாட்ஸ்அப்பில் நேரம் கேட்டு வையுங்கள். பொங்கல் வாரத்தில் ஒருவரும் கிடைக்க மாட்டார்கள்.