அட்மிஷன் முகாமில் ஓடிபி சொல்வதற்கு முன்னால் இதைப் படியுங்கள்

பிளஸ் டூ முடிக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் இதைக் கடைசிவரை படித்துவிடுங்கள். இது எங்கள் வீட்டில் நடந்தது.

போன வருடம் ரிசல்ட் வந்த மூன்றாம் நாள், ஈரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த உயர்கல்வி முகாமுக்கு மகளைக் கூட்டிப் போனேன். ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் மேசையில் இருந்த தம்பி நன்றாகப் பேசினார். "பேர் மட்டும் பதிஞ்சு வைங்க சார், சேரணும்னு கட்டாயம் இல்லை" என்றார். கையில் இருந்த டேப்லெட்டில் அவரே தட்டிக்கொண்டு போனார். பெயர், மார்க், சாதி, ஆதார் எண், என் தொழில், வருட வருமானம், என் நம்பர், மகள் நம்பர். கடைசியில், "ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லும்மா" என்றார். மகள் சொன்னாள். அவ்வளவுதான், ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்தது. பெங்களூரில் நர்சிங் சீட், கோயம்புத்தூரில் இன்ஜினியரிங், வெளிநாட்டில் மருத்துவம். ஒரே நாளில் 27 அழைப்புகளை எண்ணினேன். தறி ஓடும் சத்தத்தில் பாதி எனக்குக் கேட்கவில்லை. முதலில் ரிசல்ட் வந்தால் எல்லோருக்கும் இப்படித்தான் போல என்று நினைத்தேன். மூன்றாவது நாள் கல்விக்கடன் வாங்கித் தருவதாக ஒருவர் பேசினார். "உங்க வருமானத்துக்கு ஏழு லட்சம் வரைக்கும் முடிச்சுத் தரலாம் சார்" என்றார். என் வருமானம் இவருக்கு எப்படித் தெரியும்?

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. என் மகள் பெயர் கவிநயா. பேசிய எல்லோரும் "கவினியா அப்பாவா?" என்றே கேட்டார்கள். முகாமில் கொடுத்த ரசீதை எடுத்துப் பார்த்தேன். அந்தத் தம்பி ஆங்கிலத்தில் ஓர் எழுத்தை மாற்றி அடித்திருந்தார். அந்தப் பிழை வேறு எந்தப் படிவத்திலும் இல்லை. விவரம் எங்கிருந்து போனது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அழைப்புகளோடு நின்றிருந்தால் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் நிற்கவில்லை. ஒரு நாள் இரவு பதினொன்றரைக்கு மகளின் வாட்ஸப்புக்கு யாரோ ஒருவன் 'அட்மிஷன் கவுன்சிலர்' என்று சொல்லிக்கொண்டு, தூங்கிவிட்டாயா, போட்டோ அனுப்பு என்று கேட்டிருக்கிறான். அவள் பயந்துபோய் அம்மாவை எழுப்பினாள். அன்றைக்கே அந்த சிம்மைக் கழற்றினோம். பள்ளிக்கூடத் தோழிகள் எல்லோரிடமும் இருந்த நம்பர் அது. தப்பு செய்தவர்கள் யாரோ, நம்பரை இழந்தது என் பிள்ளை.

பஸ் ஏறி அந்தப் பல்கலைக்கழகத்துக்கே போனேன். இரண்டு மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, ஒரு மேடம் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். "நீங்க கன்சென்ட் குடுத்திருக்கீங்க சார், ஓடிபி வெரிஃபை ஆகியிருக்கு பாருங்க." படிவத்தின் அடியில் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில், எங்கள் விவரங்களைப் பல்கலைக்கழகமும் அதன் கூட்டு நிறுவனங்களும் பயன்படுத்தலாம் என்று இருந்தது. அந்த வரியை யாரும் எங்களுக்கு வாசித்துக் காட்டவில்லை. டிக் அடித்ததும் நாங்கள் இல்லை. விவரங்களை அழித்துவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டதற்கு சீல் வைத்துத் தரக்கூட மறுத்துவிட்டார்கள்.

அதன் பிறகுதான் பக்கத்து ஊர் வக்கீல் ஒருவர் எனக்குச் சட்டத்தை விளக்கினார். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டிலேயே தீர்ப்பு சொல்லியிருக்கிறார்கள். 2023ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. எதற்காகக் கேட்கிறோம் என்று தெளிவாகச் சொல்லித்தான் ஒப்புதல் வாங்க வேண்டும், அந்த அறிவிப்பைத் தமிழில் கேட்கவும் நமக்கு உரிமை உண்டு, கொடுத்த ஒப்புதலை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்கிறது அது. 18 வயது ஆகாத பிள்ளை என்றால் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். என் மகளுக்கு அன்று 17. ஓடிபி வாங்கியது அவளிடம். ஆனால் இந்தச் சட்டத்துக்கான விதிகளே 2025 நவம்பரில்தான் வந்தன. ஒப்புதல் பற்றிய பிரிவுகள் அமலுக்கு வர அதிலிருந்து 18 மாதம் ஆகும் என்றார். அதுவரைக்கும் நம் கையில்தான் இருக்கிறது.

அதனால் முகாமுக்குப் போனால் விளக்கத்தாளை மட்டும் வாங்கிக்கொண்டு வாருங்கள். பிள்ளையின் நம்பரை எந்தக் காரணத்துக்காகவும் கொடுக்காதீர்கள். வீட்டில் பழைய சிம் ஒன்று கிடந்தால் விண்ணப்பங்களுக்கென்றே அதை வைத்துக்கொள்ளுங்கள். வருமானமும் ஆதாரும் சேரும்போது கேட்டால் பார்த்துக்கொள்ளலாம், விசாரிக்கப் போன இடத்தில் எதற்கு? ஆதார் நகல் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், முதல் எட்டு இலக்கம் மறைத்த நகலை ஆதார் இணையதளத்திலேயே எடுக்கலாம். ஓடிபி என்று வாயைத் திறந்தால், எதற்கு என்று குறுஞ்செய்தியைப் படித்துப் பாருங்கள், டேப்லெட்டை உங்கள் கையில் வாங்கிப் பாருங்கள். வரிசையில் பின்னால் நிற்பவர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

மகள் இப்போது அரசுக் கல்லூரியில் கணிதம் படிக்கிறாள். போன வாரம்கூட எனக்கு ஓர் அழைப்பு வந்தது. "கவினியா அப்பாவா சார்?"