ஹப் டைனமோ விளக்கு: அன்றாட மிதிவண்டிப் பயணத்தில் எப்படி இருக்கிறது?

முன்சக்கரத்தின் ஹப்புக்குள்ளேயே, அதாவது அச்சைச் சுற்றியுள்ள நடுக்குடத்துக்குள்ளேயே, அடங்கிய டைனமோவையும், அதனுடன் கம்பியால் இணைந்த முன், பின் எல்இடி விளக்குகளையும் வெயிலிலும் மழையிலும் நகரச் சாலைகளில் அன்றாடம் பயன்படுத்திய பிறகு இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். பந்தய ஓட்டத்துக்கோ மலைப்பாதைக்கோ இது ஏற்றதா என்ற கேள்விக்குள் நான் போகவில்லை. வேலைக்கும் கடைக்கும் சென்று இருட்டிய பின் வீடு திரும்புகிறவரை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

டயரின் பக்கவாட்டில் உரசிச் சுழலும் பழைய டைனமோ நம்மில் பலருக்கு நினைவிருக்கும். மழை பெய்தால் அது வழுக்கும், வறண்ட சாலையில் இரைச்சலிடும், டயரையும் தேய்க்கும். ஹப் டைனமோவிலோ காந்தங்கள் கம்பிச்சுருளைத் தொடாமலேயே அதைச் சுற்றி வருவதால் ஓசையும் இல்லை, மழையால் வழுக்க இடமும் இல்லை. பொதுவாக இது 6 வோல்ட், 3 வாட் அளவில் மின்சாரம் தருவது. விளக்கு எரியும்போது கால்களுக்குக் கூடுதல் வேலை இருக்கத்தான் செய்கிறது என்றாலும், சீரான வேகத்தில் செல்கையில் அதைப் பிரித்து உணர்வது கடினம்.

இதன் மிகப் பெரிய நன்மை, அது எப்போதும் வண்டியிலேயே இருப்பதுதான். மின்னேற்ற மறப்பதில்லை, பாதி வழியில் அணைந்துபோவதில்லை, வண்டியை நிறுத்தும் இடத்திலெல்லாம் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்ளவும் வேண்டியதில்லை. சிக்னலில் நின்றாலும், உள்ளிருக்கும் மின்தேக்கியின் உதவியால் விளக்கு மேலும் சில நிமிடங்கள் எரிகிறது. இந்த வசதி பின்விளக்கில் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இருட்டில் அசையாமல் நிற்கும் மிதிவண்டியைப் பின்னால் வரும் வாகன ஓட்டி கவனிக்கத் தவறினால் அதன் விளைவு மிகக் கொடியது.

ஒளியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கடைகளில் பெரும்பாலான விளக்குகள் லூமன் கணக்கில்தான் விளம்பரப்படுத்தப்படுகின்றன. லூமன் என்பது விளக்கிலிருந்து வெளிப்படும் ஒளியின் மொத்த அளவு. அந்த ஒளி சாலையில் விழுகிறதா, எதிரே வருபவரின் கண்ணில் விழுகிறதா என்பதை அது சொல்லாது. குறிப்பிட்ட பரப்பில் எவ்வளவு ஒளி விழுகிறது என்பதைச் சொல்வது லக்ஸ். ஜெர்மனியின் வாகன அனுமதி விதிகள் மிதிவண்டியின் முன்விளக்குக்குக் குறைந்தது 10 லக்ஸ் ஒளியைக் கோருவதோடு, எதிரே வருபவரின் கண் கூசாதிருக்க ஒளிக்கற்றையின் மேல்விளிம்பு வெட்டப்பட்டிருக்க வேண்டும் என்றும், மிதிவண்டி விளக்குகள் மின்னி மின்னி எரியக் கூடாது என்றும் சொல்கின்றன. அந்த விதிகளுக்கு ஏற்பச் செய்யப்பட்ட முன்விளக்கைத்தான் நான் தேர்ந்தெடுத்தேன். வெறும் லூமன் எண்ணில் பன்மடங்கு பெரிதாகக் காட்டப்படும் விளக்குகளைவிட இது சாலையின் குழிகளைத் தெளிவாகக் காட்டுகிறது. எதிரே நடந்து வருபவர்கள் கையால் கண்ணை மறைத்துக்கொள்வதும் இல்லை. பிறர் கண்ணைக் கூசச் செய்யும் விளக்கை, எவ்வளவு பிரகாசமானதாக இருந்தாலும், நல்ல விளக்கு என்று நான் ஏற்கமாட்டேன்.

குறைகளும் உண்டு. வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கும் வேகத்தில் முன்விளக்கு துடிக்கிறது. ஏற்கெனவே உள்ள வண்டியில் பொருத்துவதென்றால் சக்கரத்தையே புதிய ஹப்பில் மீண்டும் கோக்க வேண்டும் அல்லது டைனமோவுடன் கூடிய முழுச் சக்கரத்தை வாங்க வேண்டும். செலவில் பெரும்பகுதி இங்கேதான் போகிறது.

இதைவிட என்னை வருத்தியது, ஹப்பில் கம்பியை இணைக்கும் சிறிய பிளாஸ்டிக் இணைப்பி உடைந்தபோது, அது தனியாகக் கிடைக்காது, முழுத் தொகுப்பையும் வாங்க வேண்டும் என்று விற்பனையாளர் சொன்னதுதான். விரல்நுனி அளவுள்ள ஒரு பாகத்துக்காக நன்றாக எரியும் விளக்குகளைக் குப்பையில் போட எனக்கு மனம் வரவில்லை. பொருளின் மாதிரி எண், ரசீதின் நகல், உடைந்த பாகத்தின் படம் ஆகியவற்றுடன் தயாரிப்பாளருக்குக் கடிதம் எழுதினேன். ஐ.நா. பொதுச்சபை 1985-இல் ஏற்றுக்கொண்ட நுகர்வோர் பாதுகாப்பு வழிகாட்டு நெறிமுறைகள், விற்பனைக்குப் பிந்தைய சேவையும் உதிரிப் பாகங்களும் போதிய அளவில் கிடைக்கச் செய்யுமாறு உற்பத்தியாளர்களையும் விற்பனையாளர்களையும் அரசுகள் ஊக்குவிக்க வேண்டும் என்று கூறுவதையும் அதில் சுட்டிக்காட்டினேன். நினைவூட்டல் அனுப்பிய பின் பாகம் வந்து சேர்ந்தது. இப்போது அவர்களுடைய உதிரிப் பாகப் பட்டியலில் அது தனியாகவே இடம்பெற்றிருக்கிறது. அடுத்து வாங்குகிறவர் இதற்காகக் கடிதம் எழுத வேண்டியதில்லை என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

அந்த இணைப்பி உடைந்ததற்கு, வண்டி நிறுத்துமிடங்களில் முன்சக்கரத்தை மட்டும் கவ்விப்பிடிக்கும் கம்பிகளும் ஒரு காரணம் என்று கருதுகிறேன். பக்கத்து வண்டி சாய்ந்தால் முழு பாரமும் சக்கரத்தின் மேலும் ஹப்பின் மேலும் இறங்குகிறது. வண்டியின் சட்டத்தைப் பூட்டவும் வழியில்லை. நான் அடிக்கடி செல்லும் பொது அலுவலகத்துக்கு, கவிழ்த்த ப வடிவக் குழாய்களை நட்டால் சட்டத்தையும் சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டலாம் என்று அளவுகளுடன் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதிலுக்காகக் காத்திருக்கிறேன், வராவிட்டால் மீண்டும் எழுதுவேன்.

வாங்க நினைப்பவர்கள் கடையிலேயே மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: லக்ஸ் அளவு என்ன, நின்றபின் பின்விளக்கு எரியுமா, இணைப்பி தனியாகக் கிடைக்குமா. பொருத்தி முடித்ததும் கைப்பிடியை இரு பக்கமும் முழுவதுமாகத் திருப்பிப் பார்த்து, கம்பி இழுபடவில்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகே வண்டியை எடுங்கள்.