மெய்ப்புத் திருத்துநரின் மேசையில் தமிழ்த் தளங்கள்: ஒரு நீண்டகாலப் பயனரின் அனுபவம்

பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துபவருக்கு இணையத்தில் இருக்கும் முதல் வேலை மேற்கோள் சரிபார்ப்பதுதான். நூலாசிரியர் நினைவிலிருந்து எழுதிய பாடல் அடி, எங்கோ படித்த ஆண்டு, அகராதியில் இருக்கும் என்று நம்பிய சொல் ஆகிய அனைத்தையும் பக்கங்கள் அச்சுக்குப் போகும் முன் உறுதிசெய்தாக வேண்டும். இதற்காகப் பல ஆண்டுகளாக நான் திறந்துவரும் தளங்களில் எது சிறந்தது என்று கேட்பவர்களுக்கு என்னால் ஒரே பெயரைச் சொல்ல முடிவதில்லை. ஒவ்வொன்றும் வேறொரு தேவைக்காகக் கட்டப்பட்டது.

நான் முதலில் திறப்பது மதுரைத் திட்டத்தைத்தான். 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய வேதியியலாளர் கல்யாணசுந்தரத்தின் முயற்சியில் தொடங்கி, பல நாடுகளில் உள்ள தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து சேர்த்த மின்னுரைகள் அங்கே உள்ளன. ஒவ்வொரு கோப்பின் தலைப்பகுதியிலும் தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் ஆகியோரின் பெயர்கள் தரப்பட்டிருப்பதை என் தொழிலைச் சேர்ந்தவர்கள் மகிழ்ச்சியோடு கவனிப்பார்கள். வெறும் எழுத்துக் கோப்பு என்பதால், எந்த நூலில் வருகிறது என்றே தெரியாத ஓர் அடியையும் சில நொடிகளில் கண்டுபிடித்துவிடலாம்.

ஆனால் தேடுவதற்கு ஒரு பக்குவம் வேண்டும். ‘யாதும் ஊரே’ என்று இன்றைய வழக்கப்படி சொற்பிரித்துத் தேடினால், சீர் பிரிப்பைப் பின்பற்றி ‘யாது மூரே’ என்று அச்சிட்ட பதிப்பிலிருந்து உள்ளிட்ட கோப்பு அகப்படாது. இதைவிடக் கண்ணுக்குத் தெரியாத சிக்கல் ஒன்று உண்டு. ‘ஔ’ என்ற தனி எழுத்துக்குப் பதிலாக ‘ஒ’வையும் ‘ள’வையும் அடுத்தடுத்துத் தட்டிய கோப்புகள் இணையமெங்கும் கிடக்கின்றன, திரையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தெரிந்தாலும் கணினிக்கு அவை வேறுவேறு. ஆகவே ஔவையாரைத் தேடும்போது இரண்டு வகையாகவும் தட்டிப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது.

எழுத்துக் கோப்பு அடியைக் கண்டுபிடிக்க உதவும். அந்த அடியின் பாடம், அதாவது அதன் சொல் வடிவம், சரிதானா என்று தீர்மானிக்க அச்சுப் பக்கத்தின் படம் வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் இணைய ஆவணக் காப்பகமும் (Internet Archive) இங்கேதான் கைகொடுக்கின்றன. பழைய பதிப்புகளின் முகப்பு, முகவுரை, பாடபேதக் குறிப்பு, பிழைதிருத்தப் பட்டியல் என அனைத்தையும் பக்கம் பக்கமாகப் பார்க்க முடிகிறது. பிழைதிருத்தப் பட்டியலைத் தவறாமல் பார்ப்பேன். பதிப்பாசிரியரே பின்னால் திருத்திய பிழையை மூலம் என்று எண்ணி எடுத்தாளும் அபாயத்திலிருந்து அது காப்பாற்றும். இத்தளங்களின் குறை, சொல் தேடுவது கடினம் என்பது. 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல்களில் ‘லை’, ‘னை’, ‘றா’, ‘னா’ போன்றவற்றுக்கு இருந்த பழைய வடிவங்களை, படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் எழுத்துணரி நிரல்கள் பலமுறை தவறாகவே படிக்கின்றன.

இவ்விரு வகைக்கும் நடுவில் நிற்பது, விக்கிப்பீடியாவின் சகோதரத் திட்டமான விக்கிமூலம். ஒரு பக்கத்தின் படமும் அதன் எழுத்து வடிவமும் அருகருகே கிடைப்பதோடு, மெய்ப்புப் பார்க்காத பக்கம் சிவப்பு, ஒருவர் பார்த்தது மஞ்சள், மற்றொருவரும் சரிபார்த்தது பச்சை என்று நிறத்தாலேயே நம்பகத்தன்மை காட்டப்படுகிறது. அச்சகங்களிலேயே இவ்வளவு வெளிப்படையான முறையை நான் கண்டதில்லை.

ஈழத்து எழுத்துகளைப் பொறுத்தவரை ‘நூலகம்’ என்ற தளத்துக்கு ஈடு இல்லை. 2005இல் தொடங்கிய இத்தளத்தில் நூல்கள் மட்டுமல்லாமல் இதழ்கள், செய்தித்தாள்கள், பாடசாலை மலர்கள், இறந்தவருக்காகக் குடும்பத்தார் வெளியிடும் நினைவு மலர்கள்வரை வருடி ஏற்றப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் தனி எண் தரப்பட்டுள்ளது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன என்பதை அறிந்தவர்களுக்கு, ஒரு சின்னஞ்சிறு துண்டுப் பிரசுரத்துக்கும் இங்கே இடம் இருப்பதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. ஒரு சிற்றிதழில் கட்டுரை வந்த மாதத்தையும் எழுதியவரின் ஊரையும் உறுதிசெய்ய வேறு எங்கும் கிடைக்காத சான்றுகள் இங்கே கிடைத்திருக்கின்றன.

சொற்பொருளுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி. 1924 முதல் 1939 வரை பின்னிணைப்போடு வெளிவந்த அந்தத் தொகுதிகளைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதித் தளத்தில் தேடலாம். தலைச்சொல்லை மட்டுமன்றிப் பதிவின் உள்ளேயும் தேட முடிவதால், ஆங்கிலப் பொருளிலிருந்து தமிழ்ச் சொல்லை நோக்கிப் பின்னோக்கியும் போகலாம். அச்சுத் தொகுதிகளை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது. புதிய கலைச்சொற்களை மட்டும் அங்கே எதிர்பார்க்கக் கூடாது.

தமிழ் விக்கிப்பீடியாவை நான் சான்றாக ஏற்பதில்லை. சான்றுக்குப் போகும் வழியாகப் பயன்படுத்துகிறேன். கட்டுரையைவிட அடிக்குறிப்புகளும், யார் எப்போது எதை மாற்றினார் என்று காட்டும் வரலாற்றுப் பக்கமும்தான் எனக்குப் பயன்படுகின்றன. ஓர் ஆண்டு இருமுறை மாற்றப்பட்டிருந்தால், அந்த ஆண்டை வேறிடத்தில் தேட வேண்டும் என்று பொருள்.

எஞ்சியவை நிறுவனத் தளங்களும் செய்தித் தளங்களும். வடிவமைப்பை மாற்றும்போது பழைய முகவரிகள் செயலிழப்பது இவற்றில் இயல்பு. அப்போது இணைய ஆவணக் காப்பகம் 2001இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட, வலைப்பக்கங்களின் பழைய நகல்களைச் சேமிக்கும் வேபேக் மெஷினில் பழைய முகவரியை இட்டுப் பார்ப்பேன். பல வேளைகளில் அன்றைய பக்கம் அப்படியே கிடைத்துவிடும். ஆயினும் 2024 அக்டோபரில் நடந்த இணையத் தாக்குதலால் அந்தக் காப்பகமே சில நாட்கள் முடங்கியது. அதன் பிறகு, எடுத்தாண்ட பக்கத்தோடு பதிப்பு விவரப் பக்கத்தையும் தரவிறக்கி, பார்த்த நாளைக் கோப்பின் பெயரிலேயே குறித்து வைத்துக்கொள்கிறேன். நூல் அச்சாகி இரண்டாம் பதிப்பு வரும்வரை அந்தக் கோப்புகளை நீக்குவதில்லை.